கீரிக்கும் பாம்புக்கும் சண்டை எப்பண்ணே? மேஜிக் ஐட்டம் விக்கிறவங்களும் டெமோவும்

எங்க ஊர்ப்பக்கம் நாப்பது வயசு தாண்டின யாரைக் கேட்டாலும் மோடி மஸ்தான் கதை ஒண்ணு வச்சிருப்பாங்க. மாயவரம் பஸ் ஸ்டாண்டு ஓரம், கும்பகோணத்துல கடைத்தெரு மூலை, திருவாரூர்ல தேருக்குக் கூட்டம் கூடுற வீதின்னு எங்கயாவது ஒரு கூடைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, கூடைக்குள்ள பாம்பு, பக்கத்துல முளைக்குச்சில கட்டின கீரி, இதோ இப்ப சண்டை விடப் போறேன் யாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க ரத்தம் கக்கிருவீங்கம்பாரு, நாமளும் கைய தொங்கப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் வெயில்ல நிப்போம். கடைசில தாயத்து வித்துட்டு கூடைய மூடிட்டுப் போயிருவாரு. சண்டை? அது நடந்ததா சரித்திரமே கிடையாது.

மேஜிக் ஐட்டம் விக்கிற பிசினஸ்ல ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு சண்டைய நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கீரிதான் ஞாபகம் வரும். விக்கிறவங்க வாங்குறவனுக்கு அந்த வித்தைய முழுசா ஒரு தடவ செஞ்சு காட்டணுமா, இல்ல நாலு வரி விளம்பரமும் முப்பது செகண்டு ட்ரைலரும் போதுமா? ரகசியத்தைக் காட்டச் சொல்லல. வித்தைய மட்டும், ஆடியன்ஸ் பாக்குற மாதிரி, ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும். கேக்க சின்ன விஷயமாத்தான் தெரியும், உள்ள போனா நெறைய சிக்கல் இருக்கு.

நான் பக்கத்து ஊர்கள்ல ஸ்கூல் ஆண்டு விழா, காதுகுத்து, பர்த்டேன்னு கூப்பிட்டா போயி அரை மணி நேரம் பண்ணிட்டு வர்ற ஆளு, தொழில் வேற. ஆனா ஐட்டம் வாங்குற வியாதி மட்டும் இருக்கு. அலமாரில ஒரு தட்டு முழுக்க வாங்கி ஒரு தடவகூட மேடை ஏறாத சாமான் தூங்குது, அதனால இந்த விஷயத்துல நான் நடுநிலைன்னு சொல்ல மாட்டேன்.

முதல்ல இந்த வியாபாரம் ஏன் மத்த வியாபாரம் மாதிரி இல்லங்கிறதப் பாத்துருவோம். கத்திரிக்காய நாலு தடவ திருப்பித் திருப்பிப் பாத்து வாங்கலாம், புடவைய வெளிச்சத்துல பிரிச்சுப் பாக்கலாம். மேஜிக் ஐட்டத்துல நீங்க காசு குடுக்கிறது பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்கோ சீட்டுக்கட்டுக்கோ இல்ல, உள்ள இருக்கிற யோசனைக்கு. அத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் வாங்க வேண்டியதே இல்ல, தெரிஞ்சுக்காம அது நமக்கு ஒத்து வருமான்னு சொல்ல முடியாது. கென்னத் ஆரோங்கிற பொருளாதார நிபுணர் 1962ல தகவல விக்கிறதுல இருக்கிற இந்த முரண்பாட்டப் பத்தி எழுதினாரு, தகவலோட மதிப்பு வாங்குறவனுக்குத் தெரியணும்னா அது கைக்கு வந்திருக்கணும், வந்துட்டா அவன் ஏன் காசு குடுக்கப் போறான்னு. அவரு மேஜிக்க நினைச்சு எழுதல, கண்டுபிடிப்பு ஆராய்ச்சி பத்தி எழுதினாரு, ஆனா மேஜிக் கடைக்கு இதவிட பொருத்தமா யாரும் எழுதினதில்லன்னு நினைக்கிறேன். அதுக்கு மேல இன்னொண்ணு, ரகசியத்த படிச்சுட்டு பார்சல திருப்பி அனுப்ப முடியாது, அனுப்பினாலும் தெரிஞ்சது தெரிஞ்சதுதான், அதனால பல கடைல ரிட்டர்ன் எடுக்கறதே இல்ல. அது நியாயம்தான். ஆனா ரிட்டர்னும் இல்ல, ரகசியமும் சொல்ல மாட்டேன், வித்தையையும் முழுசா காட்ட மாட்டேன்னா வாங்குறவன் எதை நம்பி பணம் கட்டுறது?

ஒரு காலத்துல இந்தப் பிரச்சனைய கவுண்டர்லயே தீத்துட்டாங்க. லண்டன்ல 1898ல ஆரம்பிச்ச டேவன்போர்ட்ஸ் மாதிரி பழைய மேஜிக் கடைகள்ல கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிறவரே ஒரு நல்ல வித்தைக்காரரா இருப்பாரு, நீங்க கேட்ட ஐட்டத்த ஒரு முழம் தூரத்துல, உங்க மூக்குக்கு முன்னாடி செஞ்சு காட்டுவாரு, அசந்து போனீங்கன்னா காசு குடுத்துட்டு ரகசியத்தோட வீட்டுக்குப் போலாம். நம்ம ஊர்ல இத நான் பாத்தது நாகூர் கந்தூரியில. கடற்கரை போற வழில தரையில சாக்கு விரிச்சு ஒருத்தர் மேஜிக் சீட்டுக்கட்டு வித்துக்கிட்டு இருந்தாரு, எந்தச் சீட்டத் தொட்டாலும் எல்லாச் சீட்டும் அதுவாவே மாறும், ஊதினா மறுபடி வேற வேறயா ஆயிரும். நான் அப்ப ஏழாங்கிளாஸ். நாலு ஆட்டம் பாத்துட்டு அஞ்சாவது ஆட்டத்துக்கு அப்புறம் அத்தாகிட்ட அழுது அடம் பிடிச்சு வாங்கினேன், காசு கைக்கு வந்தப்புறம்தான் என்னை மட்டும் தள்ளிக் கூட்டிட்டுப் போயி, தம்பி இப்படிப் பிடின்னு சொல்லிக் குடுத்தாரு. அதோட பேரு ஸ்வெங்காலி டெக்குன்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரியும். இதே கட்டத்தான் அமெரிக்காவுல மார்ஷல் ப்ரோடியன்னு ஒரு வித்தைக்காரர் 1960களோட கடைசிலேர்ந்து டிவி விளம்பரத்துல செஞ்சு காட்டியே லட்சக்கணக்குல வித்தாருன்னு படிச்சப்ப, நாகூர் சாக்குக்காரர் செஞ்சதும் இதேதானேன்னு தோணுச்சு, அவருக்கு கேமரா இல்ல, அவ்வளவுதான்.

ஆனா வீட்டுக்கு வந்து நான் அந்தக் கட்ட எடுத்து எங்க அண்ணனுக்குக் காட்டின ரெண்டாவது நிமிஷத்துல அவன் கட்டப் பிடுங்கிக் குப்புறப் போட்டு எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டான். சாக்குக்காரர் ஏமாத்தல, செஞ்சதெல்லாம் நெசம், ஒளிவு மறைவு எதுவும் இல்ல. அவரு கை ஒரு நாளைக்கு முந்நூறு தடவ அத செஞ்ச கை, என் கை அன்னைக்குத்தான் பொறந்த கை. கட்டு மட்டும்தான் சாக்குலேர்ந்து என் வீட்டுக்கு வந்துச்சு, கை அங்கயே நின்னுருச்சு. முழு டெமோ காட்டிட்டா எல்லாம் நேர்மையாயிரும்னு பேசறவங்க இத மறந்துடறாங்க.

அப்புறம் தபால் காலம். வி.பி.பி.ல வரும், தபால்காரர் கைல காசு குடுத்தாத்தான் பார்சலப் பிரிக்க முடியும், பிரிச்சுப் பாத்தா ஒரு நூலும் ஒரு மடிச்ச காகிதமும். விளம்பரத்துல எழுதினது பொய்யான்னு பாத்தா ஒரு வார்த்தைகூட பொய் இருக்காது, அதான் கலை. பயிற்சி தேவையில்லன்னு போட்டிருப்பான், முன்கூட்டி அரை மணி நேரம் செட்டப் பண்ணணும்னு போட்டிருக்க மாட்டான்.

வீடியோ வந்தப்புறம் இது சரியாயிரும்னு எல்லாரும் நினைச்சோம். 2002ல ஆரம்பிச்ச பெங்குவின் மேஜிக் மாதிரி கடைங்க ஐட்டத்தோட டெமோ வீடியோவ நெட்டுல போட ஆரம்பிச்சப்ப அது பெரிய மாத்தம்தான், உலகத்துல எந்த மூலைல இருந்தாலும் கவுண்டருக்கு முன்னாடி நின்ன மாதிரி. ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, 1997ல, டேவிட் பிளெய்ன் அமெரிக்க டிவில ஒரு தெரு மேஜிக் நிகழ்ச்சி பண்ணி கேமராவோட மூஞ்சியத் திருப்பி விட்டுட்டாரு, வித்தைக்காரன் கையப் பாத்துக்கிட்டு இருந்த கேமரா இப்ப பாக்குறவங்க மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சது, அலறல், ஓட்டம், வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறது. அதுல அவரு தரையிலேர்ந்து மேல எழும்பற காட்சில, தெருவுல ஜனங்க பாத்தது ஒண்ணு, டிவில நமக்குக் காட்டின உயரம் தனியா எடுத்து ஒட்டினதுங்கிறது மேஜிக்காரங்க மத்தியில எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. டிவி நிகழ்ச்சிக்கு அது சரியா தப்பாங்கிறது வேற கதை. ஆனா அதே வெட்டி ஒட்டற பாணி ஐட்டம் விக்கிற ட்ரைலருக்கும் வந்துருச்சு. இருட்டு, டும் டும்னு மியூசிக், ஒரு கை, ஒரு கட், ஒரு பொண்ணு அலறுது, ஒரு கட், விலை. அந்தக் கட்டுக்கு நடுவுல என்ன நடந்துச்சுங்கிறதுதான் நான் காசு குடுத்து வாங்கப் போற சாமானே.

இது புதுசும் இல்ல. 1830கள்ல மெட்ராஸ்ல சேஷால்னு ஒரு பெரியவர் ஒரு கோலு மேல ஒரு கைய மட்டும் வச்சுக்கிட்டு அந்தரத்துல உக்காந்து காட்டினாரு, வெள்ளைக்காரன் பத்திரிகைல படம் போட்டு எழுதினான். அவரு ஏறி உக்காரும்போதும் இறங்கும்போதும் ஒரு போர்வையப் பிடிச்சு மறைச்சுக்குவாங்களாம். இன்னைக்கு எடிட்டிங்ல வர்ற கட்டுக்கு தாத்தா அந்தப் போர்வைதான். ஒரு வித்தியாசம், அவரு அந்த வித்தைய யாருக்கும் விக்கல. பாக்குறவன் முன்னாடி போர்வை பிடிக்கலாம், வாங்குறவன் முன்னாடி பிடிக்கக் கூடாது, என் கட்சி இதுதான்.

சரி, கட் இல்லாத வீடியோவே போட்டுட்டாங்கன்னு வச்சுக்குவோம். அப்பவும் எனக்கு அது பத்தாது, ஏன்னு எங்க ஊர் மேடைய வச்சுத்தான் சொல்ல முடியும். டெமோல வர்றவரு கோட்டு போட்டிருப்பாரு, நாலு உள்பாக்கெட்டு, நீளக்கை. நான் ஐப்பசில மாயவரத்துல கடைமுகக் கூட்டத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல அரைக்கை சட்டையோட நிக்கிறேன், சில சமயம் வேட்டி, வேட்டில ஏதுங்க பாக்கெட்டு. அவரு ஏசி ரூம்ல கண்ணுக்குத் தெரியாத நூல்ல ஒரு மோதிரத்த மிதக்க விடறாரு, எங்க கல்யாண மண்டபத்துல மேல பத்து ஃபேன் ஓடும், பந்தல்னா பக்கத்துல ஆளுயர பெடஸ்டல் ஃபேன் வேற, வேளாங்கண்ணி பக்கம்னா கடல் காத்துக்குக் கேக்கவே வேணாம், நூலு என்னாகும்? அவருக்கு ஆடியன்ஸ் எதிர்ல மூணு பேரு. எனக்கு முன்னாடி நூறு புள்ளைங்க தரையில உக்காந்து கீழேர்ந்து மேல பாக்குதுங்க, ரெண்டு வாலுங்க மேடைக்குப் பின்பக்கம் ஏறிருச்சு, எல்லாத்துக்கும் மேல வீடியோக்காரர் லைட்டோட என் முதுகுக்குப் பின்னாடி வந்து நிக்கிறாரு, அவர என்ன சொல்லி விலக்க முடியும், காசு குடுத்துக் கூப்பிட்ட வீட்டுக்காரங்க ஆளு. ஐப்பசி கார்த்திகை மழையில சீட்டுக்கட்டு ஈரம் குடிச்சு ஊதி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காத்துல இன்னும் சீக்கிரம்.

காசு ஐட்டம் இன்னொரு தலைவலி. வெளிநாட்டு டெமோ பாதி அமெரிக்க அரை டாலர்ல பண்ணுவாங்க, அதோட விட்டம் 30.6 மில்லிமீட்டர், நம்ம பத்து ரூபா காசு 27. அந்த மூணரை மில்லிமீட்டர்ல உள்ளங்கைல நிக்கிற காசு நிக்காம போயிரும், இல்ல அரை டாலரையே எடுத்தா, சார் இது என்ன காசு குடுங்க பாப்போம்னு முத வரிசையில இருக்கிற தாத்தா கைய நீட்டுவாரு. பாஷை அதவிட மோசம். எழுத்துக்கு ஒரு சீட்டா எண்ணி வச்சுக்கிட்டே வந்து கடைசி எழுத்துல நீங்க நினைச்ச சீட்டு வர்ற மாதிரி ஒரு ஐட்டம் வாங்கினேன், டெமோல அற்புதம். குயீன் ஆஃப் ஹார்ட்ஸ்னு இங்கிலீஷ்ல எழுதினா 13 எழுத்து. எங்க ஊர்ல அத ஆட்டின் ராணின்னு சொல்லுவோம், ஆறே எழுத்து, மெய்யெழுத்தயும் சேத்துத்தான். அரியலூர்லேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் எங்க போயி இத நான் காட்டறது?

இதுல விக்கிறவரு மேல தப்பு சொல்ல முடியுமான்னு கேப்பீங்க, அவருக்கு எங்க மண்டபத்துல எத்தன ஃபேன்னு எப்படித் தெரியும். தெரிய வேணாம். நாலு விஷயத்த சொல்லிட்டாப் போதும், பக்கவாட்டுலேர்ந்து பாத்தா தெரியுமா, கோட்டு வேணுமா, ஒரு தடவ பண்ணினப்புறம் அடுத்த தடவைக்கு ரெடி பண்ண எவ்வளவு நேரம், கூட ஒரு ஆளு உள்கையா வேணுமா. கல்யாணத்துல டேபிள் டேபிளா போயி பண்றவனுக்கு அந்த மூணாவது கேள்விதான் உசுரு. இத சொல்றதுல ரகசியம் ஒண்ணும் ஒழுகாது, சில விக்கிறவங்க ஒழுங்கா சொல்றாங்க, அவங்ககிட்டதான் நான் திரும்பத் திரும்ப வாங்குறேன்.

இப்ப விக்கிறவங்க பக்கம். அவங்க பயத்த சும்மா தள்ள முடியாது. முழு டெமோவ நாலு தடவ மெதுவா ஓட விட்டா அனுபவசாலி ஒருத்தன் பாதி கண்டுபிடிச்சுருவான், மீதிய அவனே செஞ்சுக்குவான், டூப்ளிகேட் போடறவனுக்கு அதுவே போதும். டெல்லர் கேஸ் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். பென் அண்ட் டெல்லர்ங்கிற அமெரிக்க மேஜிக் ஜோடில பேசாம இருக்கிறவரு டெல்லர். ஜாடில ஒரு ரோஜா, பின்னாடி திரையில அதோட நிழல், அவரு கத்தியால நிழல வெட்ட வெட்ட நெசப் பூவோட இதழு உதிரும், அதுதான் ஐட்டம். அத அவரு 1983ல அமெரிக்காவுல காப்பிரைட் பதிவு பண்ணி வச்சிருந்தாரு. 2012ல பெல்ஜியத்துக்காரர் ஒருத்தர் அதே மாதிரி ஒரு வித்தையோட வீடியோவ யூடியூப்ல போட்டு, சாமானும் ரகசியமும் சேத்து சுமார் 3,000 டாலருக்குத் தர்றேன்னாரு. டெல்லர் கோர்ட்டுக்குப் போனாரு, 2014ல நெவாடா கோர்ட்டு டெல்லர் பக்கம் நின்னுச்சு, மேஜிக் ரகசியத்துக்குக் காப்பிரைட் கிடையாது ஆனா பேச்சில்லாத நாடகமா அவரு நடிச்சுக் காட்டற அந்த நிகழ்ச்சிக்கு உண்டுன்னு. யோசிச்சுப் பாருங்க, டெமோங்கிறது ஒரே நேரத்துல விளம்பரமாவும் இருக்கு, சட்டம் காப்பாத்தற பகுதியாவும் இருக்கு, ஆனா டெமோல காட்டாத ரகசியத்தச் சட்டம் காப்பாத்தாது.

ரகசியத்த சட்டத்துல பூட்டி வைக்கப் போயி மாட்டிக்கிட்டவரும் உண்டு. பெட்டில ஆள வச்சு ரம்பத்தால அறுக்கிற ஐட்டத்துக்கு ஹொரேஸ் கோல்டின் 1923ல பேட்டன்ட் வாங்கினாரு, பேட்டன்ட்ல எப்படின்னு எழுதித்தான ஆகணும், 1933ல கேமல் சிகரெட் கம்பெனி விளம்பரத்துல அத அப்படியே விளக்கிப் போட்டுட்டான், கோல்டின் போட்ட கேஸ் 1938ல தோத்துப் போச்சு, நீயே ஊரறிய எழுதிக் குடுத்தது எப்படிய்யா ரகசியம்னு. அதனால விக்கிறவன் பொத்திப் பொத்தி வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஆனா அவன் பொத்த வேண்டியது எப்படிங்கிறத. என்ன நடக்குதுங்கிறதையும் சேத்துப் பொத்தினா அது வேற கணக்கு.

இன்னொரு கவலை, என் ஆடியன்ஸே அந்த டெமோவ பாத்துருவாங்களேங்கிறது. இது எனக்கு நடந்திருக்கு, திருவையாறு பக்கம் ஒரு பர்த்டேல ஒரு பையன் ஃபோன எடுத்து, அங்கிள் இது ஆயிரத்து இருநூறு ரூபாதான் அங்கிள்னு எல்லார் முன்னாடியும் காட்டிட்டான். மூஞ்சி எங்க வைக்கிறது. ஆனாலும் யோசிச்சா, அவன் ஐட்டத்தோட பேர வச்சுத் தேடல, நான் டெமோல வந்தவரு சொன்ன டயலாக்க அப்படியே தமிழ்ல ஒப்பிச்சேன், அதே ஜோக்கு, அதே கை ஆட்டம், அத வச்சுத்தான் அவனுக்கு ஏற்கனவே பாத்த ஞாபகம் வந்துச்சு. டெமோ பாத்து வாங்குறவங்கள்ல பாதிப் பேரு டெமோவையே நடிக்கிறோம். அது விக்கிறவன் குத்தமில்ல, என் சோம்பேறித்தனம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் ஒரு வார்த்தை. மோடி மஸ்தான் தாயத்து இத குணமாக்கும் அத குணமாக்கும்னு விளம்பரம் பண்றதுக்கு 1954லயே தனிச் சட்டம் வந்துருச்சு, மேஜிக் ஐட்டத்துக்குன்னு தனியா எதுவும் இல்ல, ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முக்கியமான தகவல வேணும்னே மறைக்கிற விளம்பரமும் தப்பான விளம்பரம்தான்னு இருக்கு. ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு 2020ல வந்த விதி, விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாதுங்குது. ரகசியம்னு ஒரு வார்த்தைய சொல்லிட்டு அதுலேர்ந்து நழுவ முடியாது. நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915க்கு ஃபோன் போட்டு, சார் சீட்டு பறக்கும்னாங்க பறக்கலைன்னு சொல்ல கூச்சமா இருக்கும், அந்தக் கூச்சத்துலதான் சில பேரு கடையே ஓடுது.

நானும் ஒண்ணும் பேசாமத்தான் இருந்தேன், ஒரு ட்ரைலர நம்பி 2,800 ரூபா குடுத்து வாங்கினது, பிரிச்சுப் பாத்தா கேமராவுக்கு நேரா ஒரே ஒரு கோணத்துல மட்டும்தான் நிக்கும்னு தெரிஞ்ச அன்னைக்கு வரைக்கும். அப்புறம் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன், பணம் கட்டறதுக்கு முன்னாடி விக்கிறவருக்கு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் போடுவேன், அண்ணே ஃபேன் ஓடும்போது, அரைக்கை சட்டையோட, கட் இல்லாம ஒரு தடவ செஞ்சு அனுப்ப முடியுமாண்ணே. பாதிப் பேரு பதில் போட மாட்டாங்க, சில பேரு மறுபடியும் அதே ட்ரைலர அனுப்புவாங்க.

போன மாசம் ஒருத்தர் அனுப்பினாரு. அவரு வீட்டுக் கூடம், மேல ஃபேன் கடகடன்னு ஓடுது, உள்ள குக்கர் விசில் அடிக்குது, லுங்கி பனியன்ல உக்காந்திருக்காரு. முதல் தடவ சீட்டு நழுவிக் கீழ விழுந்துருச்சு, ஐயய்யோ சாரி தம்பி இருங்கன்னு கேமராவ நிறுத்தாமலே பொறுக்கி எடுத்து மறுபடி பண்ணினாரு, ரெண்டாவது தடவ சுத்தமா வந்துச்சு, மூணு தடவ பாத்தும் எனக்குப் பிடிபடல. அப்பவே ஜிபேல பணத்த அனுப்பிட்டு அட்ரஸ டைப் பண்ண ஆரம்பிச்சேன்.